தேரை இழுத்துக்கொண்டு போனவர்களும் சில வியாக்கியானங்களும்

(முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கால்பந்து பற்றிய பதிவுதான், ஆனால் ஆஃப்சைடு பற்றி ஒரு வரி கூடக் கிடையாது. கிரிக்கெட் கட்சிக்காரர்களும் தைரியமாகப் படிக்கலாம் :-) )

"கால்பந்து கிளப் என்பது ஒரு கம்பெனி. நஷ்டத்தில் ஓடும் கம்பெனியை வேறு ஊருக்கு மாற்றுவதில் என்ன தப்பு?"

இந்தக் கேள்வியைக் கொல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு கேட்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அந்தத் துணிச்சல் உள்ள தம்பி ஒருவர் இருக்கிறார். நம்மூர்க்காரர்தான், கோயம்புத்தூர்ப் பக்கம். மேலாண்மை படித்தவர். எதைப் பேசினாலும் "மார்க்கெட்" என்றுதான் ஆரம்பிப்பார். அவர் மட்டுமல்ல, விளையாட்டு வணிகம் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப்பேர் இதைத்தான் சொல்கிறார்கள். ஊர், பரம்பரை, பற்று எல்லாம் கிழடுகளின் ஏக்கம், முதலீடு எங்கே போகிறதோ அங்கேதான் விளையாட்டும் போகும், ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.

ஏற்றுக்கொள்ள மாட்டேன். ஏன் என்று சொல்வதற்கு ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் எதையும் உதாரணமாகக் காட்டப் போவதில்லை. இங்கிலாந்தின் மூன்றாவது, நான்காவது படிகளில் உருண்டுகொண்டிருக்கும் விம்பிள்டன் என்ற சின்னக் கிளப்பின் கதை போதும். (டென்னிஸ் நடக்கும் அதே விம்பிள்டன்தான். ஆனால் கால்பந்து மைதானத்துப் பக்கம் யாரும் ஸ்ட்ராபெரி சாப்பிடுவதில்லை.)

கதைச் சுருக்கம்

1889-இல் ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் சேர்ந்து ஆரம்பித்த கிளப் இது. ஊர்ப் பொதுவெளியான விம்பிள்டன் காமனில்தான் ஆட்டம். பக்கத்து மதுக்கடைதான் உடை மாற்றும் அறை. 1912-இல் பிளவ் லேன் என்ற இடத்தில் சொந்த மைதானம் அமைந்தது. பல பத்தாண்டுகள் காசு வாங்காமல் ஆடும் அமெச்சூர் கிளப்பாகவே இருந்தார்கள். 1963-இல் அமெச்சூர் கோப்பையை வென்றார்கள். இறுதியாட்டத்தில் அடித்த நான்கு கோலையும் எட்டி ரெனால்ட்ஸ் என்ற ஒரே ஆள் தலையால் முட்டியே அடித்தார்.

1975-இல் எஃப்.ஏ. கோப்பையில், முதல் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த பர்ன்லியை அவர்கள் மைதானத்துக்கே போய் 1-0 என்று தோற்கடித்தார்கள். அடுத்த சுற்றில், அப்போதைய சாம்பியன் லீட்ஸ் அணியோடு அவர்கள் ஊரில் 0-0. அந்த ஆட்டத்தில் பீட்டர் லாரிமர் அடித்த பெனால்டியைப் பிடித்தவர் டிக்கி கய் என்ற கோல்கீப்பர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1977-இல்தான் நான்கு டிவிஷன் கொண்ட ஃபுட்பால் லீகுக்குள் இடம் கிடைத்தது. அதுவும் ஓட்டெடுப்பில். 1983-இல் நான்காம் டிவிஷன் சாம்பியன். 1986-இல் முதல் டிவிஷன். 1988 மே 14 அன்று வெம்பிளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம். எதிரே அந்த வருடத்து லீக் சாம்பியன் லிவர்பூல். லாரி சாஞ்செஸ் தலையால் ஒரு கோல் அடித்தார். ஜான் ஆல்ட்ரிட்ஜின் பெனால்டியை டேவ் பீசன்ட் தடுத்தார். 1-0. பதினோரு வருடத்துக்கு முன் லீகிலேயே இல்லாதவர்கள் கையில் கோப்பை.

இதுவரை நல்ல கதை. இனிமேல்தான் வில்லன்கள்.

வீடு போன கதை

1989-இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் ரசிகர்கள் நசுங்கிச் செத்தார்கள். இறந்தவர்களின் எண்ணிக்கை இன்று 97. அதைத் தொடர்ந்து வந்த டெய்லர் அறிக்கை, மேல் டிவிஷன் மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. நியாயமான விதி. பிளவ் லேன் சின்ன, பழைய மைதானம். அதைச் சீர் செய்ய முடியாது என்று நிர்வாகம் முடிவெடுத்து, 1991-இல் கிரிஸ்டல் பேலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க்குக்கு வாடகைக்குக் குடிபோனது. தற்காலிகம்தான் என்றார்கள். நம்மூரில் தற்காலிகமாகப் போட்ட தகரக் கொட்டகை இருபது வருடம் நிற்குமே, அந்தத் தற்காலிகம். பன்னிரண்டு வருடம் ஓடியது.

இதற்கிடையில் பழைய மைதானம் என்ன ஆனது? முதலாளி சாம் ஹம்மாம் 1998-இல் அதை சேஃப்வே என்ற பல்பொருள் அங்காடி நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். கடைசியில் அங்கே கடையும் வரவில்லை, அடுக்குமாடி வீடுகள்தான் வந்தன. கிளப்பையும் 1997-இல் நார்வே முதலாளிகளுக்குக் கைமாற்றினார். அதே காலத்தில் அணியை டப்ளினுக்குக் கொண்டுபோகும் யோசனையும் ஓடியது. ஆமாம், அயர்லாந்தின் டப்ளின். வேறு நாடு! அயர்லாந்துக்காரர்களே "எங்கள் லீக் நாசமாகிவிடும், வராதீர்கள்" என்று விரட்டிய பிறகுதான் அது ஓய்ந்தது.

2000 மே 14. கோப்பை வென்று சரியாகப் பன்னிரண்டு வருடம், அதே தேதி. பிரீமியர் லீகிலிருந்து கீழே விழுந்தார்கள். அடுத்த வருடம் ஆகஸ்டில், கிளப்பை மில்டன் கீன்ஸுக்கு மாற்றப் போவதாகத் தலைவர் சார்ல்ஸ் கோப்பல் அறிவித்தார். லண்டனுக்கு வடக்கே, விம்பிள்டனிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். 1967-இல் அரசாங்கம் திட்டம் போட்டுக் கட்ட ஆரம்பித்த புது நகரம். அங்கே பீட் விங்கல்மன் என்ற இசைத்துறைத் தொழிலதிபர், பெரிய கடைகளோடு சேர்த்து ஒரு கால்பந்து மைதானமும் கட்டத் திட்டம் வைத்திருந்தார். மைதானத்துக்கு அணி வேண்டும். உள்ளூரில் ஒரு சின்ன அணியை வளர்த்து மேலே கொண்டுவர வருடக்கணக்கில் ஆகும். லூட்டன் உள்படப் பல கிளப்புகளிடம் பேசிப் பார்த்தார். சிக்கியது வீடில்லாத விம்பிள்டன்.

ஃபுட்பால் லீக் முதலில் முடியாது என்றது. கிளப் விடவில்லை. கடைசியில் எஃப்.ஏ. மூன்று பேர் கொண்ட ஒரு குழுவை அமைத்தது. 2002 மே 28 அன்று, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், "போகலாம்" என்று தீர்ப்பு வந்தது. அதுமட்டுமல்ல, ரசிகர்கள் சாம்பலிலிருந்து புதிதாக ஒரு கிளப் தொடங்குவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் அந்த அறிக்கை சொல்லி வைத்தது. குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்த கதை.

இரண்டே நாளில், மே 30 அன்று, ரசிகர்கள் ஏ.எஃப்.சி. விம்பிள்டனைத் தொடங்கினார்கள்.

மைதானம் இல்லை, ஆட்டக்காரர் இல்லை. ஜூன் 29 அன்று, 1889-இல் ஆரம்பித்த அதே விம்பிள்டன் காமனில், ஆட வருகிறவர் வரலாம் என்று தேர்வு வைத்தார்கள். 230 பேர் வந்தார்கள். ஜூலை 10 அன்று சட்டன் யுனைடெட்டோடு முதல் ஆட்டம். 4-0 என்று தோற்றார்கள். பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். ஆறு வாரத்துக்கு முன் பிறந்த கிளப், தோற்றுக்கொண்டிருக்கிறது, பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நாலாயிரத்துச் சொச்சம்!

சரி, இப்போது வியாக்கியானங்களுக்கு வருவோம்.

வியாக்கியானம் 1: "மாற்றியிருக்காவிட்டால் கிளப் செத்திருக்கும்"

இதுதான் அவர்களின் பிரம்மாஸ்திரம். அந்தக் குழுவின் பெரும்பான்மையும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது.

நடந்ததைப் பாருங்கள். தீர்ப்பு வந்த மறுவருடமே, 2003 ஜூனில், கிளப் திவால் நிர்வாகியின் கைக்குப் போனது. செப்டம்பரில் மில்டன் கீன்ஸில் ஒரு ஹாக்கி மைதானத்துக்குக் குடிபோனது. ஆட்டக்காரர்களை விற்றார்கள். 2004-இல் டிவிஷனின் கடைசி இடத்தில் வந்து கீழே இறங்கியது. அந்தக் கோடையில் விங்கல்மன் அதை வாங்கிப் பெயர், சின்னம், சட்டை நிறம் எல்லாவற்றையும் மாற்றினார். மில்டன் கீன்ஸ் டான்ஸ் என்பது புதுப் பெயர்.

ஊர் போய்விட்டது, பெயர் போய்விட்டது, சட்டை போய்விட்டது, பார்க்க வந்தவர்கள் போய்விட்டார்கள். பிழைத்தது என்ன? லீகில் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியைக் காப்பாற்றியதற்குப் பெயர் கிளப்பைக் காப்பாற்றியதா? ஒருவர் இறந்த பிறகு அவர் ரேஷன் கார்டில் அரிசி வாங்குகிறவன், "அவரை நான்தான் வாழவைக்கிறேன்" என்று சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா?

அப்புறம், கிளப்பை நோயாளியாக்கியது யார்? கையில் இருந்த மைதானத்தை விற்றது ரசிகர்களா? சொந்த வீட்டை விற்றுவிட்டு, வாடகை கட்டுபடியாகவில்லை என்று அழுது, அந்த அழுகையையே காரணமாகக் காட்டி ஊரை விட்டுக் கிளம்பினார்கள். முதலாளிகள் மாறினார்களே தவிர வேலை ஒன்றுதான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அது.

சாகவிட்டிருந்தால்தான் என்ன? செத்தால் என்ன ஆகும் என்பதற்கு நமக்குச் சாட்சி இருக்கிறது. லீக் இடம் இல்லாமல், ஆட்டக்காரர் இல்லாமல், பக்கத்து ஊர் மைதானத்தில் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் ஒன்பது வருடத்தில் ஐந்து முறை மேலேறியது. நடுவே, 2003 பிப்ரவரியிலிருந்து 2004 டிசம்பர் வரை, லீக் ஆட்டங்களில் 78 முறை தோற்காமல் ஆடியது. 2011 மே 21 அன்று மான்செஸ்டரில், லூட்டனோடு 0-0 ஆகி, பெனால்டியில் ஜெயித்து ஃபுட்பால் லீகுக்குள் நுழைந்தது. விங்கல்மன் முதலில் பேசிப் பார்த்த அதே லூட்டன்! 2016-இல் வெம்பிளியில் பிளிமத்தை வென்று மூன்றாம் படி. அங்கே 2018-இல், ஏ.எஃப்.சி. தங்கியது, எம்.கே. டான்ஸ் கீழே இறங்கியது.

செத்துவிடும் என்றார்களே, அது வேறு உடம்பில் எழுந்து வந்து மூத்தவனை முந்திக்கொண்டு நின்றது. அந்தப் பழைய கோல்கீப்பர் டிக்கி கய் ஞாபகம் இருக்கிறதா? அவர் எந்தக் கிளப்பின் கௌரவத் தலைவர் ஆனார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

வியாக்கியானம் 2: "மார்க்கெட் அங்கேதான் இருந்தது"

தம்பியின் பிடித்தமான வாதம். மில்டன் கீன்ஸில் சுமார் இரண்டு லட்சம் பேர், அங்கே ஒரு லீக் அணி கூட இல்லை. லண்டனிலோ தடுக்கி விழுந்தால் ஒரு கிளப். செல்ஹர்ஸ்டில் விம்பிள்டனுக்குக் கூட்டமும் குறைவு. கணக்குப்படி மாற்றுவதுதான் சரி.

கணக்கா? பார்த்துவிடுவோம். 2002-03 பருவத்தில் இரண்டு விம்பிள்டன்களும் லண்டனில்தான் ஆடின. ஒன்று பிரீமியர் லீகுக்கு அடுத்த படியில், செல்ஹர்ஸ்ட் பார்க்கில். இன்னொன்று கம்பைண்ட் கவுண்டீஸ் லீக் என்ற, பக்கத்து ஊர்க்காரனே கேள்விப்பட்டிராத லீகில். அந்தக் கடைசிப்படி அணிக்குச் சராசரிக் கூட்டம் மூவாயிரத்தைத் தாண்டியது. மேல்படி அணிக்கு அதைவிடக் குறைவு.

மார்க்கெட் எங்கே இருந்தது தம்பி?

இதுதான் மேலாண்மைப் பாடத்தில் விட்டுப்போன அத்தியாயம். கால்பந்து ரசிகன் சோப்பு வாங்குகிறவன் அல்ல. இந்தக் கடையில் விலை கூடினால் அடுத்த கடைக்குப் போகும் ஆளாக இருந்திருந்தால், 1988 முடிந்ததுமே அவன் ஆர்சனலுக்கோ செல்சிக்கோ மாறியிருப்பான். உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது. ஆனால் உழுகிறவன் உழுதுகொண்டிருப்பதால்தான் மண்டிக்காரருக்குக் கணக்கே இருக்கிறது. ரசிகனின் இந்தக் கணக்குப் பார்க்காத குணத்தைத்தான் முதலாளிகள் "பிராண்ட் மதிப்பு" என்று பெயர் மாற்றி விற்கிறார்கள். விற்கிற பொருளே அவன்தான், விலை பேசும்போது மட்டும் அவனைக் காணோம்.

மில்டன் கீன்ஸுக்கு ஓர் அணி வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். அந்த ஊரில் மில்டன் கீன்ஸ் சிட்டி என்று ஒரு சின்னக் கிளப் இருந்தது. மைதானம் கட்டக் காசிருந்தவர்கள் அதை ஊட்டி வளர்த்திருக்கலாம். 2003-இல் அது மூடப்பட்டது. கீழ்ப்படியில் ஆரம்பித்தால் மேலே வர ஒன்பது வருடம் போதும் என்று ஏ.எஃப்.சி. காட்டிவிட்டது. பொறுமை இல்லாதவர்கள் அடுத்தவன் தொண்ணூறு வருடம் வரிசையில் நின்று வாங்கிய டோக்கனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

வியாக்கியானம் 3: "நீயே ஊர் மாறினவன்தானே?"

இதைத் தம்பி கேட்டபோது சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "ஏனுங்கண்ணா, நீங்களே திருநெல்வேலிய விட்டுப்போட்டு இங்க வந்தவருதானுங்களே? கிளப்பு மட்டும் ஊர் மாறினா அது குத்தமாயிருமுங்களா?"

நல்ல கேள்வி. சிரித்துத் தள்ளக் கூடாது. பிழைப்புக்காக ஊர் மாறிய எல்லோருக்கும் இந்தக் கேள்வி கொஞ்சம் உறுத்தும்.

நான் ஊர் மாறினேன், உண்மை. ஒரு பெட்டி, ஒரு பிரஷர் குக்கர், இரண்டு அட்டைப்பெட்டி புத்தகம். வரும்போது நெல்லையப்பர் தேரை இழுத்துக்கொண்டு வரவில்லை. தேர் அங்கேதான் இருக்கிறது. ஆனி மாதம் ரத வீதியில் ஊர்ச்சனம் வடம் பிடிக்கிறது. நான் அங்கே இல்லாவிட்டாலும் அது நகர்கிறது. அது அங்கே நகர்கிறது என்பதால்தான், இங்கே ஹூக்ளிக் கரையில் நின்றுகொண்டு "எங்க ஊர்" என்று என்னால் சொல்ல முடிகிறது. ஊர் மாறியவனுக்குத்தான் மாறாத ஒன்று ஊரில் இருக்க வேண்டியது அவசியம். உள்ளூரிலேயே இருப்பவனை விட அவனுக்குத்தான் அது அதிகம் தேவை.

மனிதன் ஊர் மாறுவதும், ஊரின் பொதுச்சொத்தை ஒருவர் தூக்கிக்கொண்டு போவதும் ஒன்றல்ல. முன்னது என் கால், என் விருப்பம். பின்னது நூறு வருடம் வடம் பிடித்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "தேர் என் பெயரில் பதிவாகியிருக்கிறது, அந்த ஊரில் வீதி அகலம்" என்று சொல்லி லாரியில் ஏற்றுவது. சட்டப்படி சரியாகக் கூட இருக்கலாம். அதை ஊர் மாறுதல் என்று சொல்வது, ஊர் மாறியவர்களுக்கே அவமானம்.

வியாக்கியானம் 4: "மில்டன் கீன்ஸ் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?"

ஒரு பாவமும் செய்யவில்லை. 2004-இல் அங்கே ஆறு வயதாக இருந்து, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆட்டம் பார்த்த பிள்ளைக்கு அதுதான் கிளப். 2014-இல் அந்த அணி மான்செஸ்டர் யுனைடெட்டை 4-0 என்று நொறுக்கியதைப் பார்த்த பிள்ளைக்கு அது வாழ்நாள் நினைவு. டெலி ஆலி போன்ற ஆட்டக்காரர் அங்கிருந்து வந்தார். எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை. அந்தக் கிளப்பும் 2007-இல், பழைய விம்பிள்டனின் கோப்பைகளை விம்பிள்டன் இருக்கும் மெர்டன் நகராட்சியிடம் ஒப்படைத்தது. 2004-க்கு முந்திய வரலாறு எங்களுடையதல்ல என்று ஒத்துக்கொண்டது. பாராட்ட வேண்டிய செயல்தான்.

ஆனால் யோசியுங்கள். அந்த ஒப்படைப்பே தீர்ப்பின் முகத்தில் விழுந்த அறை இல்லையா? கிளப் தொடர்கிறது, இடம் மட்டும்தான் மாறுகிறது என்று சொல்லித்தானே அனுமதி வாங்கினார்கள்? தொடர்ந்தது என்றால் கோப்பையை ஏன் திருப்பிக் கொடுக்க வேண்டும்?

அதேபோல் ஏ.எஃப்.சி.யையும் தெய்வமாக்க வேண்டாம். அவர்கள் குடியேறிய கிங்ஸ்மெடோ, கிங்ஸ்டோனியன் என்ற இன்னொரு சின்னக் கிளப்பின் வீடு. அந்தக் கிளப் ஏற்கனவே கடனில் விழுந்து மைதானத்தை இழந்திருந்தது என்பது உண்மை. ஏ.எஃப்.சி. அவர்களை வாடகைக்கு வைத்துக்கொண்டதும் உண்மை. ஆனால் பிளவ் லேனுக்குத் திரும்பக் காசு வேண்டி ஏ.எஃப்.சி. அந்த மைதானத்தை செல்சிக்கு விற்றபோது, கிங்ஸ்டோனியன் 2017-இல் வெளியேற வேண்டியதாயிற்று. வீடிழந்தவர்கள் வீடு தேடும் வழியில் இன்னொருவர் வீடு போனது. இதை மூடி மறைத்துவிட்டு ரசிகர் கிளப் என்றால் எல்லாம் புனிதம் என்று எழுதினால், அதுவும் ஒரு வியாக்கியானம்தான்.

வித்தியாசம் எங்கே என்றால், ஏ.எஃப்.சி.யில் தப்பு நடந்தால் கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கிறது. டான்ஸ் டிரஸ்ட் என்ற ரசிகர் அமைப்பின் கையில்தான் கிளப்பின் பெரும்பான்மை. ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டு. புது மைதானத்துக்குப் பணம் பற்றாமல் தவித்தபோது வெளி முதலாளியிடம் பெரும்பான்மையைக் கொடுத்துவிடும் பாதை திறந்துதான் இருந்தது. அதற்குப் பதிலாக 2020-இல் ரசிகர்களிடமே கடன் பத்திரம் விற்று 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். 2020 நவம்பர் 3 அன்று, பழைய மைதானத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், பழைய நாய்ப்பந்தய மைதானம் இருந்த இடத்தில், புதிய பிளவ் லேனில் முதல் ஆட்டம். 9,215 இருக்கை. கொரோனா காலம் என்பதால் அந்த இருக்கைகளில் ஒருவரும் இல்லை! இருபத்தொன்பது வருடம் காத்திருந்து வீடு திரும்பினால், கிரகப்பிரவேசத்துக்கு யாரும் வர முடியாத நிலை. அதற்காக அழுதுகொண்டிருக்கவில்லை. அதே வருடம் அந்த ரசிகர்கள் அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்கு வீடு வீடாக உணவுப் பொருள் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எந்த "பிராண்ட்" இதைச் செய்யும்?

2022-இல் நான்காம் படிக்கு இறங்கினார்கள். 2024 செப்டம்பரில் பக்கத்து வாண்டில் ஆறு பொங்கி மைதானத்திலேயே பெரிய பள்ளம் விழுந்தது. 2025 மே 26 அன்று வெம்பிளியில் வால்சாலை 1-0 என்று வென்று மறுபடி மேலேறினார்கள். ஏறுவதும் இறங்குவதும் இவர்களுக்குப் பழக்கம்தான். இறங்கினாலும் அது அவர்களுடையதாகவே இருக்கிறது.

சரி, இதையெல்லாம் இங்கே ஏன் எழுதுகிறாய்?

ஏனென்றால் இங்கிலாந்தில் ஊரே கூடித் திட்டிய ஒரு விஷயம், நம் நாட்டில் செய்தித்தாளின் உள்பக்கத்தில் நாலு வரியில் முடிந்துவிடுகிறது. 2019-இல் டெல்லி டைனமோஸ் அணி புவனேஸ்வருக்குப் போய் ஒடிஷா எஃப்.சி. ஆனது. அதே வருடம் எஃப்.சி. புனே சிட்டி மூடப்பட்டு, அந்த இடத்துக்கு ஹைதராபாத் எஃப்.சி. வந்தது. 2025-இல் அந்த ஹைதராபாத் அணியும் டெல்லிக்குக் கிளம்பிவிட்டது. ஐந்தாறு வருடத்தில் மூன்று ஊர். தேரா, டூரிங் டாக்கீஸா?

பழைய கிளப்புகள் வேறு விதமாகச் செத்தன. மஹிந்திரா யுனைடெட் 2010-இல், ஜே.சி.டி. 2011-இல். கம்பெனிக்கு வேண்டாம் என்று தோன்றியது, மூடிவிட்டார்கள். நாம் யாரும் பொதுவெளியில் கூடித் தேர்வு வைக்கவில்லை.

ஆனால் நமக்கு இது தெரியாத சங்கதி என்று யாரும் சொல்ல வேண்டாம். மோகன் பகான் பிறந்ததும் 1889-இல்தான், விம்பிள்டன் பிறந்த அதே வருடம். 1911-இல் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயம் வாங்கிய கிளப். 2020-இல் அது ஏ.டி.கே.யோடு இணைந்து, பெயருக்கு முன்னால் ஆறு வருடத்துக் கம்பெனி அணியின் பெயரைச் சுமந்தபோது, இந்த ஊர்க்காரர்கள் விடவில்லை. மூன்று வருடம் கத்தினார்கள். 2023-இல் அந்த மூன்று எழுத்தும் போனது. (போன இடத்தில் "சூப்பர் ஜெயன்ட்" என்று முதலாளியின் இன்னொரு அடையாளம் வந்து உட்கார்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.) பாதி வெற்றிதான். ஆனால் கத்தாமல் இருந்திருந்தால் அந்தப் பாதியும் கிடையாது.

இங்கிலாந்தில் இப்போது சட்டமே வந்துவிட்டது. 2025 ஜூலையில் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டப்படி, தனி ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் இல்லாமல் ஒரு கிளப் தன் மைதானத்தை விற்கவோ ஊரை மாற்றவோ முடியாது. பெயர், சின்னம், சட்டை நிறம் இவற்றுக்கும் பாதுகாப்பு இருக்கிறது. எஃப்.ஏ. குழுவின் தீர்ப்புக்கு இருபத்து மூன்று வருடம் கழித்து. சந்தைப் பொருளாதாரத்தின் தாய்வீட்டிலேயே, கிளப் வெறும் கம்பெனி அல்ல என்று நாடாளுமன்றம் எழுதி வைத்துவிட்டது. நம்மூர் மார்க்கெட் தம்பிகள் மட்டும் இன்னும் பழைய பாடப்புத்தகத்தையே மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அதனால் நாளைக்கு உங்கள் ஊரில் ஒரு புது அணி வந்து, புதுச் சட்டை விற்று, "இது உங்கள் அணி" என்று மேளம் அடித்தால், மூன்று கேள்வி கேளுங்கள். மைதானம் யார் பெயரில் இருக்கிறது? பெயரையும் ஊரையும் மாற்ற யாரைக் கேட்க வேண்டும்? பணம் போட்டவர் நாளைக்கே கிளம்பினால் இங்கே மிஞ்சுவது என்ன? மூன்றுக்கும் பதில் வராவிட்டால், ஆட்டத்தைப் பாருங்கள், கைதட்டுங்கள், முறுக்கு சாப்பிடுங்கள். சட்டையை மட்டும் வாங்காதீர்கள்.